டாங்க்கில் ஆயில் திரும்புகிறது, பிக் எண்டுக்குப் போகிறதா? பழைய ட்ரையம்ஃப் 650 இன்ஜினின் முதல் ஸ்டார்ட்

முழுசாகப் பிரித்துக் கட்டிய பழைய இன்ஜினை முதன்முதலாக உதைத்து எழுப்பியதும் எல்லோரும் செய்கிற வேலை, ஆயில் டாங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது. ரிட்டர்ன் குழாய் ஆயிலைத் துப்பினால் பாதி உயிர் திரும்பி வரும். நானும் எட்டிப் பார்த்தேன், துப்பியது, மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பினேன். அறுபது கிலோமீட்டர் போவதற்குள் கீழே இருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். இன்ஜினை மறுபடி பிரித்தபோது பிக் எண்ட் ஷெல் (கனெக்டிங் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் இடத்து பேரிங் தகடு) இரண்டும் வழித்துப் போயிருந்தன. இன்ஜினின் வலப்பக்க மூடியான டைமிங் கவரை மாட்டும்போது அதிலிருந்த சிறிய ஆயில் சீலின் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உதடு மடங்கிவிட்டது, அவ்வளவுதான் காரணம். மாட்டியது நான்தான், வேறு யாரையும் திட்ட வழியில்லை.

அந்த வண்டி 1967 மாடல் ட்ரையம்ஃப் டிஆர்6 மோட்டார் சைக்கிள். வேலைக்காக இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கம் இருந்த காலத்தில் வாங்கியது. அதைச் செய்த மெரிடன் தொழிற்சாலை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. 1983இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வீடுகள். ஒரு தெருவுக்குப் போன்வில் க்ளோஸ் என்று பெயர்.

கீழே சொல்வதெல்லாம் 1963 முதல் 1970 வரை வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்பாக இருக்கும் ட்ரையம்ஃப் 650 இரட்டை சிலிண்டருக்கானது: டி120 போன்வில், டிஆர்6, 6டி எல்லாம் இதில் அடங்கும். 1971 முதல் ஆயில் சேஸிக் குழாய்க்குள்ளேயே போய்விட்டது. குழாய்கள் இருக்கும் இடம் மாறும், பம்ப் கதை மாறாது. நம் ஊர் திருவொற்றியூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு புல்லட்டிலும் ஃபீடுக்கு (ஆயிலை இன்ஜினுக்குள் அனுப்ப) ஒரு பம்ப், ரிட்டர்னுக்கு (டாங்க்குக்குத் திருப்பி அனுப்ப) ஒரு பம்ப் என்று இரண்டு உண்டு. ஆனால் அதில் ஆயில் டாங்க் கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்த்தது, பம்ப்பும் வேறு வகை. அதனால் இங்கே உள்ள அளவுகளை அப்படியே புல்லட்டுக்குப் போடாதீர்கள்.

ஆயில் போகும் வழி

இந்த வழி மனதில் பதியாமல் கீழே வரும் எதுவும் விளங்காது. டாங்க்கிலிருந்து ஆயில் தானாக இறங்கி, இன்ஜினின் அடிப்பக்கக் குழாய் வழியாகப் பம்ப்புக்கு வருகிறது. பம்ப் டைமிங் கவருக்குள் இருக்கிறது. 1937இல் ட்ரையம்ஃப் வடிவமைப்பாளர் எட்வர்ட் டர்னரின் ஸ்பீட் ட்வினில் வந்த அதே இரட்டைப் பிளஞ்சர் வகைதான். இன்லெட் கேம் நட்டின் முகத்தில் மையம் விலகி ஒரு சிறு முளை இருக்கும். அது ஒரு சறுக்குக் கட்டையை ஆட்ட, கட்டை இரண்டு பிளஞ்சர்களையும் மேலும் கீழும் இழுக்கும். சிறிய பிளஞ்சர் ஃபீட், பெரியது ஸ்கேவெஞ்ச், அதாவது அடியில் விழுந்த ஆயிலை அள்ளுவது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பாலும் (ஆயில் திரும்பி வராமல் அடைக்கும் சிறு குண்டு) ஸ்பிரிங்கும்.

ஃபீட் பக்கம் தள்ளிய ஆயில் கிராங்க் கேஸ் துளை வழியாக டைமிங் கவருக்குள் போகிறது. அங்கே கிராங்க்கின் மூக்கு அந்த ஆயில் சீலுக்குள் நுழைந்திருக்கும். ஆயில் மூக்கின் துளை வழியாக உள்ளே போய், கிராங்க்கின் நடுவிலிருக்கும் கசடுக் குழாயைத் தாண்டி இரண்டு பிக் எண்டுகளுக்கும் சேர்கிறது. அழுத்தம் மிஞ்சினால் இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைக் கீழே விடும். மெயின் பேரிங்கும் சிலிண்டர் சுவரும் சிதறும் ஆயிலில்தான் நனைகின்றன.

கீழே விழுந்த ஆயிலை ஸ்கேவெஞ்ச் பிளஞ்சர் உறிஞ்சி டாங்க்குக்கு அனுப்புகிறது. அந்த ரிட்டர்ன் குழாயில், டாங்க்கை எட்டும் முன் ஒரு கிளை பிரிந்து ராக்கருக்கு (மேலே வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) போகிறது. இந்த வண்டியில் ஆளை ஏமாற்றும் இடம் இந்தக் கிளைதான். டாங்க்கில் ஆயில் துப்புவதும், ராக்கர் நனைந்திருப்பதும், இரண்டும் ரிட்டர்ன் பக்கத்துச் சாட்சிகள். சீல் மடங்கி ஆயில் முழுவதும் பக்கவாட்டில் வழிந்து அடியில் விழுந்தாலும் ஸ்கேவெஞ்ச் அதைப் பொறுப்பாக அள்ளி டாங்க்கில் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

உதைக்கும் முன்

பிக் எண்டுக்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க நல்ல நேரம், சிலிண்டர் பிளாக்கை மாட்டும் முன்புதான். ஆயில் கேனின் மூக்கை ஒரு துண்டு ரப்பர் குழாயால் கிராங்க் மூக்கோடு சேர்த்து அழுத்துங்கள். சிறிது நேரத்தில் இரண்டு கனெக்டிங் ராடின் ஓரத்திலும் ஆயில் கசிய வேண்டும். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் கசடுக் குழாய் சரியாக உட்காரவில்லை. ஃப்ளைவீல் போல்ட் ஒன்றுதான் அந்தக் குழாயை இடத்தில் நிறுத்துகிறது. குழாய் திரும்பிப் போயிருந்தால் துளைகள் நேராக வராது. கசடுக் குழாயைக் கழற்றவே இல்லை, ‘வெளியே இருந்து கழுவிவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் அந்த கிராங்க்கை நம்ப வேண்டாம். முப்பது நாற்பது வருஷத்துக் கசடு அதற்குள் களிமண்போல இறுகிக் கிடக்கும்.

அப்புறம் டைமிங் கவர். சீலின் உதடு வெளிப்பக்கம், அதாவது கவரின் உள்அறையைப் பார்த்து இருக்க வேண்டும். அறையில் ஏறும் அழுத்தம் உதட்டை கிராங்க் மூக்கோடு இறுக்கும். பின்னால் ஒரு சர்க்ளிப் உண்டு. கவரை மாட்டும்போது மூக்கில் ஒரு கூம்பு வழிகாட்டியைப் பொருத்துங்கள், உதட்டுக்குக் கொஞ்சம் ஆயில் தடவுங்கள், கவரை நேராகத் தள்ளுங்கள். வழிகாட்டி இல்லை, மெல்லத் தள்ளினால் போகும் என்று நினைத்தால் என் கதைதான் உங்களுக்கும். கவருக்கும் பம்ப் கேஸ்கெட்டுக்கும் சீலண்ட் பூசும் ஆசை வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிதுங்கி உள்ளே போகும் ஒரு மிளகு அளவு சீலண்ட் போதும், ஆயில் துளையை அடைக்க. பம்ப்பைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளும் ஒருபக்கம் கூம்பாக இருக்கும். கூம்பு பம்ப் உடலைப் பார்க்க வேண்டும். கேம் நட்டுகள் இடதுமரை என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரஷர் கேஜ் இல்லாமல் முதல் ஸ்டார்ட் வேண்டாம் என்பது என் கட்சி. அறுபதுகளின் கடைசியில் வந்த கவர்களில் ஆயில் பிரஷர் ஸ்விட்சுக்கு ஒரு துளை இருக்கும். ஸ்விட்சைக் கழற்றி கேஜை மாட்டலாம். என்னுடையதில் அந்தத் துளை இல்லை. லேத்தில் கொடுத்து மரை போட்டு வாங்கினேன். இதில் ஒரு எச்சரிக்கை: இந்த இடத்தில் நேர்மரையும் உண்டு, கூம்புமரையும் உண்டு. நேர்மரைத் துளையில் கூம்புமரைத் திருகை இறுக்கினால் கவர் விரிசல் விடும்.

சம்ப்பில், அதாவது கிராங்க் கேஸின் அடியில், ஒரு டம்ளர் ஆயில் ஊற்றுங்கள். ஸ்கேவெஞ்ச் காய்ந்து கிடக்காமல் இருக்கும். டாங்க்கை நிரப்பிவிட்டு, இன்ஜின் பக்கம் ஃபீட் குழாயைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் தடையில்லாமல் இறங்குகிறதா? இறங்கினால் விரலால் பொத்தி, காற்று நுழையாமல் மாட்டுங்கள். பிறகு கேஜ் துளை வழியாக ஆயில் கேனால் அழுத்தி ஆயில் ஏற்றுங்கள், கூடவே ஒருவர் கிராங்க்கை மெதுவாகச் சுற்றட்டும். இந்தச் சோதனை பல விஷயம் சொல்லும். எதிர்ப்பே இல்லாமல் ஆயில் குபுகுபு என்று போனால் எங்கோ பெரிய வாசல் திறந்திருக்கிறது, சீல் அல்லது ரிலீஃப் வால்வு. கையில் நல்ல எதிர்ப்பு தெரிந்து, கிராங்க் சுற்றச் சுற்ற ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் சரி. எவ்வளவு சுற்றினாலும் ஒரு சொட்டுகூட ஏறாவிட்டால் அடைப்பு.

இரண்டு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கிக்கரை உதைப்பதைவிட இது எளிது. பம்ப் கேம் வேகத்தில், அதாவது இன்ஜின் சுற்றில் பாதி வேகத்தில்தான் ஓடும் என்பதால் நிறையச் சுற்ற வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும். டாங்க் வாயில் ரிட்டர்ன் தலைகாட்டி, கேஜ் ஊசியும் சற்று அசைந்த பிறகுதான் ப்ளக்கை மாட்டுவது. ஆயிலுக்குச் சாதாரண மினரல் 20டபிள்யூ50 போதும். புது ரிங் பதிய வேண்டிய நேரத்தில் விலை உயர்ந்த சிந்தெடிக் வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் மிகக் குறைந்த ஐடிலில் விடாமல் 1500இலிருந்து 2000 சுற்றுக்குள் வையுங்கள். புது கேமுக்கும் டாப்பெட்டுக்கும் அதுவே நல்லது. கண் கேஜில் இருக்கட்டும்.

அறிகுறி: ரிட்டர்ன் வரவே இல்லை

ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். கேஜும் எழவில்லை என்றால் பத்து விநாடிகூட வேண்டாம். நிறுத்துங்கள். எதையும் பிரிக்கும் முன் அடியிலிருக்கும் சம்ப் ப்ளக்கைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். வந்த அளவைப் பொறுத்து வேலை இரண்டாகப் பிரியும்.

நிறைய ஆயில் வந்தால் ஃபீட் வேலை செய்கிறது, அள்ளுவதற்குத்தான் ஆளில்லை. பம்ப்பின் ஸ்கேவெஞ்ச் பக்கப் பால் அடியில் ஒரு நூலோ, அலுமினியத் துகளோ சிக்கியிருக்கலாம். பம்ப்பைக் கழற்றி, அடி ப்ளக்கைத் திறந்து, பாலையும் இருக்கையையும் கழுவிப் பாருங்கள். பால் இருக்கும் இடம் தேய்ந்து முழு வட்டமாக இல்லாவிட்டால், பாலை வைத்து மேலே ஒரு பஞ்ச் கம்பியை நிறுத்தி லேசாக ஒரே தட்டு. இருக்கை புதிதாகப் பதியும். அப்புறம் அந்தப் பாலை மாற்றிவிடுங்கள்.

பம்ப் நன்றாக இருந்தால் சந்தேகம் கிராங்க் கேஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சு குழாய் மேல். அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும், வார்ப்பில் பொருந்தும் இடம் தளர்ந்திருந்தாலும் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். சம்ப் ப்ளக் துளை வழியாகக் குழாயின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு, பம்ப் உட்காரும் முகத்திலிருக்கும் துளையில் ஒரு ரப்பர் குழாய் வைத்து வாயால் உறிஞ்சுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று வந்தால் ஓட்டை. இந்த ஒரு சோதனையை இன்ஜின் மூடும் முன்பே செய்திருந்தால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்.

சம்ப்பில் நீங்கள் ஊற்றிய டம்ளர்கூட இல்லாமல் சொட்டு மட்டும் வந்தால், ஃபீட் பக்கம் வறட்சி. முதலில் டாங்க்கிலிருந்து பாருங்கள். வெளியே புதிதாகத் தெரியும் பழைய ரப்பர் குழாய் உள்ளே உரிந்து வால்வுபோல மூடிக்கொள்ளும். டாங்க் வாயிலிருக்கும் வலைச் சல்லடையில் பெயிண்ட் செதில் அடைத்திருக்கும், டாங்க்கையும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கூடுதலாக. யாராவது ஃபீட் குழாயில் திறந்து மூடும் டேப் (திருகு அடைப்பான்) ஒன்றை மாட்டியிருந்தால், திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். இரவில் ஆயில் கீழே இறங்காமல் இருக்க டேப் மாட்டி, காலையில் திறக்க மறந்து இன்ஜினைக் காலி செய்தவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. டேப் வேண்டும் என்றே இருந்தால், அது மூடியிருக்கும்போது இக்னிஷன் ஓடாதபடி ஒரு ஸ்விட்சும் சேர்ந்திருப்பதாக வாங்குங்கள்.

இன்னொன்று, குழாய் மாறிப் போவது. இன்ஜினின் அடியில் இரண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி வெளியே வரும். மாற்றி மாட்டினால் ஸ்கேவெஞ்ச் டாங்க்கின் அடிவாய் வழியாக ஆயிலை மேலே தள்ளும், ஃபீட் பிளஞ்சரோ ரிட்டர்ன் குழாய் வழியாக வெறும் காற்றை இழுக்கும். டாங்க்கின் அடியிலிருந்து குமிழி எழுந்தால், ரிட்டர்ன் வாய் மட்டும் காய்ந்திருந்தால் இதுதான். அந்த இன்ஜின் எத்தனை விநாடி ஓடியது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் அதிர்ஷ்டம்.

அறிகுறி: ரிட்டர்ன் அழகாக வருகிறது, கேஜ் எழவில்லை

எனக்கு நேர்ந்தது இது. அப்போது கேஜ் இல்லாததால் அறிகுறி எனக்குத் தெரியவில்லை. முதலில் கேஜையே சந்தேகப்படுங்கள். அதன் மெல்லிய குழாயில் காற்றோ அழுக்கோ இருக்கலாம். குழாய் மூட்டைச் சற்றுத் தளர்த்தி, இன்ஜினை ஒரு நொடி உதைத்துப் பாருங்கள். ஆயில் துடிப்பாகப் பீறிட்டால் கேஜ்தான் பொய் சொல்கிறது. வழிந்தும் வழியாமலும் நின்றால் இன்ஜினில் கோளாறு.

ரிலீஃப் வால்வு கழற்றுவதற்குச் சுலபம், அதனால் அதை முதலில் திறங்கள். பிஸ்டன் தன் உறைக்குள் தடையில்லாமல் வழுக்க வேண்டும். அதில் ஒரு கீறலோ, நடுவில் சிக்கிய துகளோ இருந்தால் வால்வு திறந்தபடியே நிற்கும். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் மாற்றுங்கள். நீட்டிவிடுவது, கீழே வாஷர் போட்டு இறுக்குவது எல்லாம் ஏமாற்று வேலை. கேஜ் எண் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும்.

அடுத்து டைமிங் கவரைக் கழற்ற வேண்டியதுதான். சீல் உதட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். மடிப்பு, கீறல், சர்க்ளிப் விலகல், தலைகீழாக மாட்டியது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கிராங்க் மூக்கையும் விடாதீர்கள். அதில் துருக்குழியோ சுத்தியல் அடித்த முனையோ இருந்தால் புது சீல் ஒரு வாரம்கூட தாங்காது. டார்ச் வெளிச்சத்தில் கவரின் துளைகளையும் பாருங்கள். ஊதி, மறுமுனையில் காற்று வருவதைக் கையால் உணருங்கள்.

சீலும் வால்வும் சரி, பம்ப்பின் ஃபீட் பாலும் சரி, ஆனாலும் கேஜ் படுத்தே கிடந்தால் மிச்சம் பிக் எண்ட் இடைவெளிதான். கிராங்க்கை ஒரு அளவுக்குக் கிரைண்ட் செய்துவிட்டு வேறு அளவு ஷெல் போட்டால் இப்படி ஆகும். இதை வெளியே இருந்து சரி செய்ய வழியில்லை.

கேஜில் என்ன வர வேண்டும்? ட்ரையம்ஃப் சொல்லும் அளவு: இன்ஜின் சூடான பிறகு ஓட்டத்தில் 65 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 20 முதல் 25. ஆயில் குளிர்ந்திருக்கும்போது அதைவிட அதிகம் காட்டும். அதற்காகக் கவலை வேண்டாம். ஊசி நடுங்குவதும் இயல்பு. பிளஞ்சர் பம்ப் ஆயிலை நாடிபோலத் துடித்துத் துடித்துத்தான் அனுப்பும்.

அறிகுறி: குளிரில் நல்ல அழுத்தம், சூட்டில் இறங்கிவிடுகிறது

இருபது நிமிஷம் ஓட்டி வந்து நிறுத்தினால் ஐடிலில் ஊசி பத்துக்குக் கீழே தொங்குகிறது, ஸ்விட்ச் இருக்கும் வண்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது. ஓட்டத்தில் 60க்கு மேல் நிற்குமானால் உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஐடில் வேகம் மிகக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மெல்லியதா? பம்ப்பின் சறுக்குக் கட்டை தேய்ந்திருக்கிறதா? பலர் பம்ப்பை மாற்றுவார்கள், இரண்டு விரல் அகலக் கட்டையை மாற்ற மாட்டார்கள். அது தேய்ந்தால் பிளஞ்சரின் ஓட்டம் குறைகிறது, ஒவ்வொரு அடியிலும் தள்ளும் ஆயிலும் குறைகிறது. கேம் நட்டின் முளையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓட்டத்திலும் 40க்குக் கீழே போனால் மேலே சொன்ன வரிசையில் சீல், வால்வு, ஷெல் என்று போக வேண்டியதுதான்.

அறிகுறி: அழுத்தம் அளவுக்கு மீறி நிற்கிறது

இதை யாரும் கோளாறாக நினைப்பதில்லை. சூடான பிறகு ஐடிலிலும் 50, 60 என்று நின்றால் நான் மகிழ மாட்டேன். கேஜ் இருப்பது டைமிங் கவரில், அதாவது கிராங்க்குக்கு முன்னால். கிராங்க்குக்குள் வழி அடைத்திருந்தால் ஆயில் போக இடமின்றி அழுத்தம் ஏறத்தான் செய்யும்; பிக் எண்டோ உலர்ந்திருக்கும். ரிலீஃப் வால்வு பிஸ்டன் மூடியபடி சிக்கியதும் காரணமாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அது சரியென்றால், கிராங்க் மூக்கில் ஆயில் கேன் வைத்து அழுத்திப் பார்த்த சோதனையை நீங்கள் உண்மையிலேயே செய்தீர்களா, இல்லை செய்ததாக நினைத்துக்கொண்டீர்களா என்று யோசியுங்கள்.

அறிகுறி: ரிட்டர்ன் விட்டுவிட்டு வருகிறது

இதற்குப் பயந்து பலர் பம்ப்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஸ்கேவெஞ்ச் பிளஞ்சர் பெரியது, ஃபீட் கொடுப்பதைவிட அதிகம் அள்ளக்கூடியது. அடியில் இருப்பதை அள்ளி முடித்ததும் கொஞ்சம் காற்றை இழுக்கும், மறுபடி ஆயில். டாங்க் வாயில் நுரையோடு ‘புளுக் புளுக்’ என்று வந்தால் நல்ல உடம்பு. குமிழியே இல்லாமல் நூல் பிடித்ததுபோல் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்: அடியில் தேங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிஷம் அப்படி வருவது பரவாயில்லை.

அறிகுறி: ராக்கர் காய்ந்து சத்தம் போடுகிறது

ராக்கர் ஷாஃப்ட் முனையிலிருக்கும் குமிழ் நட்டை அரைச்சுற்று தளர்த்தி, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். ஆயில் மெல்லக் கசிய வேண்டும். பீறிட்டு அடிக்காது, அங்கே அழுத்தம் சொற்பம். ஒன்றுமே வராவிட்டால் இன்ஜின் ஓடும்போது டாங்க் வாய்க்குள் விரலை விட்டு ரிட்டர்ன் நுனியைச் சில விநாடி பொத்துங்கள், ஆயில் வேறு வழியின்றி ராக்கருக்கு ஏறும். நீண்ட நேரம் பொத்தினால் ராக்கர் பெட்டி நிரம்பி, வால்வு கைடு வழியே இறங்கிப் புகையாகும். பிறகு அந்தப் புகைக்குக் காரணம் தேடி ஒரு வாரம் போகும். பொத்தியும் வரவில்லை என்றால் ராக்கர் ஃபீட் குழாயைக் கழற்றி ஊதுங்கள். செம்பு வாஷர்களைச் சூடேற்றி மிருதுவாக்கித் திரும்பப் போடுங்கள். பழைய இறுகிய வாஷரை இறுக்கி இறுக்கி மரையை அறுத்தவர்கள் அதிகம்.

அறிகுறி: நீலப் புகை

முதல் ஸ்டார்ட்டில் இரண்டு சைலன்ஸரிலும் புகை வருவது, கட்டும்போது தடவிய ஆயில் எரிவதால். சில நிமிஷத்தில் தேயும். தேயாமல் கூடிக்கொண்டே போனால் நிறுத்திய உடனே சம்ப்பை வடித்து அளந்து பாருங்கள். நான் வைத்திருக்கும் அளவு நூறு மில்லி. அதற்குள் இருந்தால் ஸ்கேவெஞ்ச் குற்றமற்றது, ரிங் பக்கமும் வால்வு கைடு பக்கமும் பாருங்கள். அரை லிட்டர் வந்தால் ரிட்டர்ன் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் புகைந்தால் ஆயில் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

புகை இல்லை, ஆனால் எல்லா மூட்டிலும் ஆயில் வேர்க்கிறது என்றால் பிரீதரை (கிராங்க் கேஸ் மூச்சுவிடும் வழி) பாருங்கள். 1969 வரை வந்த இன்ஜின்களில் இன்லெட் கேமின் இடது முனையில் சுழலும் தட்டு பிரீதர் ஒன்று உண்டு. கட்டும்போது அதன் ஸ்பிரிங்கைத் தொலைப்பதும், தட்டு கேமின் வெட்டில் பொருந்தாமல் போவதும் சகஜம். கிராங்க் கேஸ் மூச்சுவிட முடியாமல் கிடைத்த இடுக்கில் ஆயிலைத் தள்ளும்.

அறிகுறி: காலையில் டாங்க் காலி

நேற்று நிரம்பியிருந்த டாங்க்கில் இன்று ஆயில் இல்லை, தரையிலும் இல்லை. அது கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. ஃபீட் பக்கப் பால் சரியாக மூடவில்லை. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, டாங்க்கில் புதிதாக ஆயில் ஊற்றிவிட்டு உதைப்பது. சுமார் மூன்று லிட்டர் கீழே, இன்னும் மூன்று லிட்டர் மேலே. ஸ்டார்ட் ஆனதும் டாங்க் பொங்கும். முதலில் சம்ப் ப்ளக்கைத் திறந்து வடித்துவிட்டு, சுத்தமாக இருந்தால் அதையே டாங்க்கில் திரும்ப ஊற்றுங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கொஞ்சம் இறங்குவது இந்தப் பம்ப்பின் பிறவிக் குணம். ஒரே ராத்திரியில் இறங்கினால் பால் இருக்கையைச் சுத்தம் செய்து தட்டிப் பதியவைக்க வேண்டும். சோதிக்கச் சுலப வழி: பம்ப்பைக் கையில் எடுத்து, ஃபீட் பக்கத்தில் ஆயில் நிரப்பி பிளஞ்சரை அழுத்துங்கள். வெளியேறும் துளையில் ஆயில் வர வேண்டும். பிறகு உள்ளே வரும் துளையை விரலால் பொத்திக்கொண்டு பிளஞ்சரைச் சற்று இழுங்கள்; வெளியேறும் துளையில் ஆயில் மட்டம் இறங்கினால் பால் பிடிக்கவில்லை. பிற்கால 750 வண்டிகளுக்கு வந்த நான்கு பால் பம்ப் இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்தது; பழைய 650க்கும் அதை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் ஒரு மணி நேரம்

கேஜ் சரி, ரிட்டர்ன் சரி, ராக்கர் சரி. பத்து நிமிஷம் ஓடியதும் நிறுத்தி, ஆற விட்டு, சம்ப் ப்ளக்கின் வலைச் சல்லடையைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடையுங்கள். மெல்லிய சாம்பல் நிற மாவு இருந்தால் பரவாயில்லை, புது உலோகங்கள் பழகிக்கொள்கின்றன. வெயிலில் மின்னும் செதில் இருந்தால் ஷெல்லோ புஷ்ஷோ தேய்கிறது. காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் கேம், டாப்பெட் அல்லது கியர் பக்கம், ஒட்டாவிட்டால் பிக் எண்ட் அல்லது பிஸ்டன் பக்கம். முதல் 50 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள், திரும்ப 300, 400 வாக்கில் ஒரு தடவை. ஆயில் விலையைப் பார்த்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் கிராங்க் கிரைண்டிங் பில்லை இன்னும் பார்க்காதவர்கள்.

கேஜை நான் முதல் 500 கிலோமீட்டர் வரை கழற்றவில்லை. ஹேண்டில் பாரில் இன்சுலேஷன் டேப் சுற்றி, பார்க்க அசிங்கமாக, ஆடிக்கொண்டே வந்தது.